அலை இறங்கும் வரை

ராத்திரி நான் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டால் அம்மை ஒரே காரணம்தான் சொல்வாள். "எவளோ கொதி விட்டிருக்கா மக்களே." நாம் தின்பதை ஆசையோடு பார்த்தவளின் கண்பட்டது என்று அர்த்தம். மறுநாள் உப்பும் நல்லமிளகும் ஓதி வாங்கி வந்து தின்னத் தருவாள். எனக்கு இருந்தது புலிமியா. அடங்காமல் தின்பதும் தின்றதை வெளியேற்றுவதுமாக ஆறு வருடம் யாருக்கும் தெரியாமல் ஓடியது. கண்டுபிடித்தது ஒரு பல் டாக்டர். முன்பல்லின் உள்பக்கம் எனாமல் கரைந்திருப்பதைப் பார்த்தவர், அம்மையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

இந்த நோய்க்குப் பொதுவாக முதலில் தருவது சிபிடி, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை. அதில் எனக்குப் பாதிதான் அடங்கியது. அப்புறம்தான் டிபிடி, அதாவது டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன், தற்கொலை எண்ணம் விடாமல் துரத்துகிறவர்களுக்காக உருவாக்கிய சிகிச்சை இது. 2001இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதை 20 அமர்வுகளாக மாற்றி, அடங்காமல் தின்பவர்களுக்கும் புலிமியா உள்ளவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். தாங்க முடியாத உணர்ச்சியை மரத்துப்போக வைக்கத்தான் தின்கிறோம், ஆகவே உணர்ச்சியைத் தாங்கக் கற்றுக்கொண்டால் அந்தத் தீனியின் தேவை குறையும் என்பது அதன் அடிப்படை.

சனிக்கிழமைதோறும் குழித்துறையில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் போனேன். தொடங்கும் முன்பே ரத்தத்தில் பொட்டாசியமும் ஈசிஜியும் பார்த்தார்கள். வாந்தியால் பொட்டாசியம் குறைந்தால் இதயத்துடிப்பே தாறுமாறாகும். எந்தச் சிகிச்சைக்குப் போனாலும் இதை விடாதீர்கள்.

தினமும் டைரி கார்டு எழுத வேண்டும். தின்னும் உந்துதல் எவ்வளவு இருந்தது என்று மதிப்பெண் போட ஒரு கட்டம். எங்கள் ஊரில் தின்னும் ஆசைக்கும் கொதி என்றுதான் பெயர். அந்தக் கட்டத்தில் 'கொதி' என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. கொதியில் நாக்குக்கு ஒரு சந்தோஷம் இருக்கும். எனக்கு வந்ததில் ருசியே கிடையாது. கடைசியில் 'அலை' என்று எழுதினேன்.

என்னைத் திருப்பியது சங்கிலி போடும் பயிற்சி. தவறிய ஒரு நாளைப் பின்னோக்கிக் கண்ணி கண்ணியாக எழுத வேண்டும். நான் எழுதியது தக்கலையில் நடந்த ஒரு கல்யாண நாள். ராத்திரி தனியாக முந்திரிக்கொத்து டின்னைத் திறந்தேன். அதற்கு முன்னால், பந்தியில் பாதிச் சோற்றோடு இலையை மூடினேன். அதற்கு முன்னால், ஒரு மாமி என் கையைப் பிடித்து, "நல்லா வண்ணம் வச்சிட்டியே மக்களே" என்றாள், குண்டாகிவிட்டாய் என்று அர்த்தம். காலையில் சேலை கட்டும்போதே பயந்து பட்டினி கிடந்தேன். மாமிதான் காரணம் என்று நான் அடித்துச் சொன்னேன். சிகிச்சை தந்தவர் காலைப் பட்டினியில் விரலை வைத்தார். "வெறும் வயிற்றில் எந்த வார்த்தையும் கூடுதலாகச் சுடும்" என்றார். இத்தனை வருடம் பட்டினியைத்தான் நான் பரிகாரம் என்று நம்பியிருந்தேன்.

சிகிச்சை தந்தவரைப் போனில் அழைக்கலாம், ஆனால் தவறுவதற்கு முன்னால் அழைக்க வேண்டும். ஒரு ராத்திரி அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழைத்தேன். "அது எங்கே இருக்கு?" என்றார். தொண்டைக்குக் கீழே, நெஞ்சில் கல் வைத்தது போல. "பார்த்துக்கொண்டே இரு, தள்ளாதே." ஏறியது. உள்ளங்கை வியர்த்தது. இன்னும் ஏறியது. பிறகு, நான் எதுவும் செய்யாமலே, இறங்கியது. கடிகாரத்தில் 20 நிமிடம். அது தானாக இறங்கும் என்று அதுவரை எனக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் ஒருமுறைகூட நான் காத்திருந்ததில்லை.

குளிர்ந்த தண்ணீரில் முகத்தை அமிழ்த்தித் துடிப்பை இறக்கும் முறையும் உண்டு. டாக்டரிடம் கேட்காமல் அதைச் செய்ய வேண்டாம், நம் போன்றவர்களின் இதயம் ஏற்கெனவே களைத்திருக்கும்.

20 வாரம் முடிந்தபிறகும் இரண்டு முறை தவறினேன். இரண்டாவது முறை, விடிந்ததும் அம்மையிடம் நானே சொன்னேன். அவள் ஓத ஆள் தேடவில்லை. புட்டும் பயறும் எடுத்து வைத்து, எதிரில் உட்கார்ந்தாள். பட்டினி கிடக்காமல் நேரத்துக்குத் தின்றேன். கார்டில் அதையும் எழுதினேன்.