திருகோணமலையில் லொறி ஓட்ட வரும் தம்பிமாருக்கு

கனரக வாகனச் செய்முறைப் பரீட்சையில் முதல் தடவை நான் தவறினேன். நேராக ஓடியது சரி, மேட்டில் நிறுத்தி எடுத்ததும் சரி. இடப்பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் திருப்பும்போதுதான் பின்சில்லு ஓரக்கல்லில் ஏறி இறங்கியது. பரீட்சகர் ஒரு வார்த்தை பேசவில்லை. தாளில் எழுதினார், வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். அன்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கல்லுக்குப் பதிலாக ஒரு பிள்ளை சைக்கிளோடு நின்றிருந்தால் என்று பிறகு யோசித்தபோது, அவர் செய்தது முழுக்கச் சரி என்று விளங்கியது.

இரண்டாம் தடவைக்கு என்னைப் பழக்கியவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு மூத்த சாரதி. நானா என்றுதான் கூப்பிடுவேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன்பு பாதையில், அதாவது வாகனம் ஏற்றும் மிதவைப் படகில், லொறி ஏற்றி இறக்கிய காலத்து ஆள். நடந்ததைக் கேட்டுவிட்டு, "முன்சில்லு போற இடத்தை நீ பாக்கிறாய் தம்பி. பின்சில்லு எங்க போகுதெண்டு ஆர் பாக்கிறது?" என்றார்.

அடுத்த நாள் காலையில் மணல் பரந்த ஒரு வெறும் வளவுக்குக் கூட்டிப் போனார். நான்கு தண்ணீர்க் கேன்களை வைத்து ஒரு ஒழுங்கை முனைபோல ஆக்கினார். நான் திருப்பி முடித்ததும் இறங்கச் சொன்னார். மணலில் முன் டயரின் தடம் ஒரு பக்கம், பின் டயரின் தடம் அதற்கு உள்ளே வேறு பக்கம். இரண்டுக்கும் நடுவே காலால் அளந்து காட்டினார். நல்ல மூன்றரை அடி. ஒரு மோட்டார் சைக்கிள் தாராளமாக நிற்கும் இடம் அது. கண்ணாடியில் எவ்வளவு பார்த்தாலும் மண்டையில் ஏறாத விஷயம் அந்த மணலில் ஏறியது. பரீட்சைக்குப் போகும் எல்லாருக்கும் நான் சொல்வது இதுதான்: ஒரு தடவையாவது மணலில் ஓட்டி, இறங்கி, உங்கள் தடத்தை நீங்களே பாருங்கள். திருப்பத்துக்குள் கொஞ்சம் நேராகப் போய், கண்ணாடியில் பின்சில்லு முனையைத் தாண்டுவது தெரிந்த பிறகு ஸ்டியரிங்கை முழுதாக உடையுங்கள், அதாவது வெட்டித் திருப்புங்கள். பின்சில்லுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உடம்பு எதிர்ப்பக்கம் வீசும் என்பதையும் மறக்க வேண்டாம். இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கக் கண்ணாடிக்கும் வேலை இருக்கிறது.

கடதாசி வேலையைப் பற்றிச் சுருக்கமாக. இலகு வாகன அனுமதிப்பத்திரம் எடுத்து 2 வருடம் போன பிறகுதான் கனரகத்துக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவச் சான்றிதழை முன்னதாகவே எடுத்து வையுங்கள். கனரக அனுமதிப்பத்திரம் 4 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது, திகதியைக் கிளீனருக்கும் சொல்லி வைத்தால் நல்லது. எயார் பிரேக் உள்ள வண்டியென்றால் காற்றுமானியின் முள் உரிய அளவுக்கு ஏறும்வரை அசைக்கவே கூடாது. பரீட்சை நாளில் பதற்றத்தில் பலர் இதைத்தான் விடுகிறார்கள்.

சரி, அனுமதிப்பத்திரம் கையில் வந்துவிட்டது. இனித்தான் படிப்பு. பரீட்சையில் ஓட்டத்தைத்தான் கூடப் பார்க்கிறார்கள். தொழிலில் உங்களை வாட்டப்போவது நிறுத்தம். எனக்கு முதல் ஆறு மாதமும் வந்த சிக்கல் எல்லாம் வண்டி நின்ற இடத்தில் வந்தவை. ஆகவே எங்கே நிறுத்தப்போகிறோம் என்று தெரியாமல் சாவியைத் திருகாதீர்கள். சரக்கு இறக்கும் கடைக்கு முதல் நாளே தொலைபேசி எடுத்து, வாசலில் இடம் இருக்குமா, எந்தப் பக்கத்தால் வர வேண்டும், மேலே தாழ்வான வயர் அல்லது கூரைத் தகரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

திருகோணமலை நகரம் மூன்று பக்கமும் கடலால் நெருக்குண்ட இடம். என்.சி. வீதி, மத்திய வீதிப் பக்கம் கடை திறந்த பிறகு லொறியோடு போவது பெரும்பாடு. நான் விடிய 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் உள்ளே போய்விடுவேன். ஆறேமுக்காலுக்குப் பள்ளிக்கூட வான்களும் ஓட்டோக்களும் வீதியை நிறைத்துவிடும். ஏழரைக்குப் பிறகு கொஞ்சம் மூச்சு விடலாம். மதியம் ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும்போது மறுபடியும் அதே கதை. அந்த நேரத்தில் ஊருக்குள் அகப்பட்டால் பின்னுக்கு எடுக்கும் வேலையைத் தொடங்கவே வேண்டாம், அரை மணித்தியாலம் பொறுங்கள். போயா விடுமுறையிலும் ஆகஸ்ட் மாதத்திலும் கோணேசர் கோவிலுக்கும் நிலாவெளிக்கும் வரும் பஸ்களால் உப்புவெளி தாண்டுவதற்கே நேரம் எடுக்கும். வெள்ளிக்கிழமை நண்பகல் கிண்ணியா, மூதூர், முள்ளிப்பொத்தானைப் பக்கம் ஜும்ஆத் தொழுகைக்கு வந்தவர்களின் மோட்டார் சைக்கிள்கள் பள்ளிவாசலை ஒட்டி இரண்டு கரையிலும் நிற்கும். 12 மணிக்கு முன் கடந்துவிடுங்கள், அல்லது தொழுகை முடிந்து சனம் கலைந்த பிறகு வாருங்கள். இடையில் புகுந்து ஹோர்ன் அடிப்பது மரியாதையும் இல்லை, பிரயோசனமும் இல்லை.

பின்னுக்கு எடுப்பதில் நான் பட்ட அடி ஒன்று. சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில், கிளீனர் பின்னால் நிற்கிறான் என்ற நம்பிக்கையில் எடுத்தேன். அவன் நின்றது உண்மை. ஆனால் கண்ணாடியில் எனக்குத் தெரியாத பக்கத்தில் நின்று "றைட், றைட்" என்று கத்திக்கொண்டிருந்தான். ஒரு மரக்கறிக் கடையின் தகரத் தாழ்வாரம் மடிந்தது. அதன் கீழே இருந்து தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா ஒரு நிமிடம் முன்னால்தான் எழும்பி உள்ளே போயிருந்தார். தகரத்துக்குக் காசு கொடுத்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து ஒரே ஒழுங்கு: கிளீனரின் முகம் கண்ணாடியில் தெரியாவிட்டால் அந்தக் கணமே பிரேக். சத்தத்தை நம்புவதில்லை, கை அசைவைத்தான் நம்புவது. வண்டியின் உடம்பில் ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் வா. புதுக் கிளீனர் என்றால் புறப்பட முதல் இதைச் சொல்லிப் பழக்கிவிடுவேன். தனியாக இருந்தால் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன், பாதியில் நிறுத்தி இன்னொரு தடவையும் இறங்குவேன். பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

நகரத்துக்கு வெளியே வேறு விதமான கவனம். கந்தளாயிலிருந்து திருகோணமலைக்குச் சுமார் 40 கிலோமீற்றர்தான், ஆனால் இரவில் மாடுகள் சூடான தார் வீதியில் படுத்திருக்கும். கறுப்பு மாடு பக்கத்தில் வரும்வரை தெரியாது. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானை கடக்கும். முன்னால் ஒரு வண்டி காரணம் தெரியாமல் நின்றால் முந்த வேண்டாம். தூரத்திலேயே நில்லுங்கள், பெரிய வெளிச்சத்தைக் குறையுங்கள், ஹோர்ன் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்.

ஒக்டோபர் தொடங்கி மாரி முடியும்வரை வீதியோர மண்ணை நம்பாதீர்கள். தம்பலகாமம் வயல் பக்கத்தில் மேலே கிரவல் உறுதியாகத்தான் தெரியும், பாரத்தோடு இடப்பக்கச் சில்லு இறங்கினால் வண்டி சாய்ந்துவிடும். நிறுத்துவதற்கு முன் இறங்கி குதிக்காலால் அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் கசிந்தால் அந்த இடம் சரிவராது. சீனக்குடா ஆலைகளில் சீமெந்தோ மாவோ ஏற்ற வரிசையில் நிற்கும்போது முன்வண்டியோடு ஒட்டி நிற்காதீர்கள், ஒருமுறை உடைத்து வெளியே வரக்கூடிய இடம் விடுங்கள். பாரத்தோடு நிற்கும் வண்டிக்கு ஹேண்ட் பிரேக் மட்டும் போதாது, சில்லுக்கு மரக்கட்டை வைத்தே ஆக வேண்டும். வீதியில் கிடக்கும் கல்லை வைத்துவிட்டு அப்படியே விட்டுப் போகும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. இரவில் அதில் மோட்டார் சைக்கிள் மோதினால் அது நம் கையால் வைத்த கல்.

இரவு ஊருக்குள் தங்க நேர்ந்தால் வண்டியின் முகத்தை வெளியேறும் பக்கம் வைத்து நிறுத்துங்கள். விடியற்காலை எடுக்க முதல் டோர்ச்சோடு ஒருமுறை சுற்றி நடந்து, நான்கு பக்கமும் குனிந்து பாருங்கள். திருகோணமலை மான்கள் கோட்டைப் பக்கத்தில் மட்டும் நிற்பவை அல்ல, இரவில் கடைத் தெருவரை வரும். ஆடும் நாயும் பனிக்கு ஒதுங்கி டயரோடு ஒட்டிப் படுத்திருக்கும். கையைத் தட்டினால் எழும்பிப் போய்விடும், அதற்குப் பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள்.