இறப்புப் பதிவில் காரணம் எழுதும்போது

திருவாரூர், நாகைப் பக்கம் வீட்டில் நடக்கும் சாவுகளுக்குப் பதிவேட்டில் பெரும்பாலும் 'மாரடைப்பு' அல்லது 'வயது மூப்பு' என்றே ஏறுகிறது. எல்லா மரணத்திலும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும். அது காரணம் ஆகாது.

மருத்துவர் தரும் சான்றில் முதல் பகுதியை மேலிருந்து கீழாக எழுத வேண்டும். வயல் சேற்றில் காலில் புண் வந்து இறந்த சர்க்கரை நோயாளி என்றால், முதல் வரியில் ரத்தத்தில் பரவிய கிருமித்தொற்று, அடுத்து கால் அழுகல், கடைசியில் சர்க்கரை நோய். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை நாள், எத்தனை வருடம் என்பதும் வேண்டும். ரத்தக்கொதிப்பும் இருந்தால் அது இரண்டாம் பகுதிக்குப் போகும். கணக்கில் சேருவது பொதுவாக முதல் பகுதியின் கடைசி வரிதான். அதை விட்டால் மாநிலக் கணக்கில் சர்க்கரை நோயே காணாமல் போகும்.

கட்டுவிரியன் கடிதான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வீக்கம் இருக்காது, பல் தடமும் தெரியாமல் போகலாம். விடியலில் வயிற்றுவலி, இமை தொங்கல், பிறகு மூச்சுத் திணறல். வீட்டார் சொல்வதை வைத்து 'வயிற்றுவலி' என்று எழுதிவிடுகிறார்கள். இமை தொங்கியதா, பேச்சு குழறியதா என்று அவசியம் கேளுங்கள். 2024 முதல் தமிழகத்தில் பாம்புக்கடி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய ஒன்று.

பதிவுக்கு 21 நாள்வரை கட்டணமில்லை. கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம் (விஏஓ) போகலாம். கடைசியாகப் பார்த்த மருத்துவர் காரணச் சான்றை இலவசமாகத் தர வேண்டும். வீட்டார் பழைய மருந்துச் சீட்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள்.