வேலி ஓணான் முட்டையிடும் பருவம்: மூன்றாம் ஆண்டுக் குறிப்பு

பாலைவனப் பல்லிகள் பலவும் மழையைப் பார்த்துத்தான் இனம் பெருக்கும். அமெரிக்காவின் மொகாவே பாலையில் உள்ள இரவுப் பல்லி ஒன்றிரண்டு குட்டி போடும் இனம். குளிர்கால மழை பொய்த்துவிட்டால் பல பெண் பல்லிகள் அந்த ஆண்டு குட்டியே போடுவதில்லை. நம் காவிரி டெல்டாவில் மழையோடு ஆற்றுத் தண்ணீரும் சேர்கிறது. மேட்டூர் அணை திறந்தது 2022இல் மே 24, 2023இல் ஜூன் 12, 2024இல் ஜூலை 28. ஆண்டுக்கு ஆண்டு இவ்வளவு தள்ளிப்போவதால், ஓணான் முட்டையிடும் காலத்தை ஆண்டுவாரியாக ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

200 மீட்டர் கிளுவை வேலியும் அதை ஒட்டிய வாய்க்கால் கரையும் எடுத்துக்கொண்டோம். மே முதல் அக்டோபர் வரை வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள் நடை. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் கழுத்தில் ஏறும் சிவப்பைப் பத்தடி தள்ளி நின்று பைனாகுலரில் பார்த்துக் குறிக்க வேண்டும். கிட்டப் போய் மிரட்டினால் நிறம் சட்டென்று மங்கிவிடும். பெண்ணின் வயிறு இன்னும் ஏமாற்றும். ஈசல் தின்ற வயிறு வழவழவென்று ஒரே உப்பலாக இருக்கும். முட்டை இருந்தால் விலாவில் தனித்தனி மேடாகத் தெரியும்.

மண்ணின் ஈரத்தை அறிய முதல் ஆண்டு மழைமானியை மட்டும் நம்பியது தவறு. இறுகிய களிமண் கரையில் கோடை மழை மேலோடு ஓடிவிடுகிறது. இப்போது கரையில் 5 செ.மீ. ஆழத்தில் 100 கிராம் மண் எடுத்து நிறுத்து, வாணலியில் இளஞ்சூட்டில், எடை இனிக் குறையாது என்கிற வரை வறுத்து மறுபடி நிறுக்கிறோம். குறைந்த கிராம்தான் ஈரம். மழை அளவைவிட இந்த எண்ணே உதவுகிறது. 2024இல் காய்ந்து கிடந்த வாய்க்கால் கரையில் பெண் ஓணான்கள் உப்பிய விலாவோடு வாரக்கணக்கில் திரிந்தன. பம்புசெட் தண்ணீர் பாய்ந்த வரப்பில்தான் குழி தோண்டின. ஈரமண் கிடைக்காவிட்டால் இந்த இனம் முட்டையை வயிற்றிலேயே தாங்கி வைத்திருக்கும். குழி காணோம் என்பதால் அந்த ஆண்டு சினையே இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

முட்டையிட்டதும் தாய் மண்ணைத் தள்ளி மூடி, மூக்கால் குத்திக் குத்தி இறுக்கும். பிறகு இடம் தெரியாது. பார்த்த உடனே இரண்டு முழம் தள்ளிக் குச்சி நட்டுவிடுங்கள், தோண்ட வேண்டாம். குஞ்சு வர ஏறக்குறைய ஆறேழு வாரம்.

வரப்பில் அண்டை வெட்டும்போது (ஓரத்தைச் செதுக்கும்போது) முட்டை வெளியே வந்துவிட்டால் உருட்டக் கூடாது. இருந்த வாக்கிலேயே மேல்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, புள்ளி மேலே இருக்கும்படி பக்கத்து ஈரமண்ணில் 5 செ.மீ. ஆழத்தில் மூடுங்கள். கவிழ்த்து வைத்தால் உள்ளே ஒட்டியிருக்கும் கரு செத்துப்போகலாம்.