அந்த ஒருத்தரின் வீட்டுக்கு யார் போய்ச் சொல்லுறது?

சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் ஊர் வாசிகசாலை விறாந்தையில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் ஏழெட்டுப் பிள்ளைகளோடு இருந்து ஏதாவது பேசுவது என் வழக்கம். போன மாதம் ஒழுக்கவியல் தொடங்கினோம். எது சரி, எது பிழை, அதை எப்படி யோசித்து முடிவெடுப்பது என்கிற விஷயம். எல்லாரும் தொடங்குகிற இடத்தில்தான் நானும் தொடங்கினேன். 1967 இல் பிலிப்பா ஃபுட் என்ற ஆங்கிலேயத் தத்துவ ஆசிரியை ஒரு கட்டுரையில் எழுதிய உதாரணம் அது: கட்டுப்பாடு இழந்த ட்ராம் வண்டி, ஓட்டுநரால் அதை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்ப மட்டும்தான் முடியும், ஒன்றில் ஐந்து பேர் வேலை செய்கிறார்கள், மற்றதில் ஒருவர். என்ன செய்வீர்கள்?

ஒருவர் பக்கம் திருப்புவோம் என்று எல்லாரும் உடனே சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு வருகிற கதையையும் சொன்னேன். ஜூடித் ஜார்விஸ் தாம்சன் எழுதியது: பாலத்தில் நிற்கும் ஒரு பருத்த மனிதரைத் தள்ளிவிட்டால் அவருடைய உடம்பு வண்டியை நிறுத்தும், ஐந்து பேர் தப்புவார்கள். அதற்கு ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. கணக்கு அதேதான், ஐந்துக்கு ஒன்று, ஆனால் கை வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் அன்று பேச நினைத்திருந்தேன். அதற்குள் பின்னால் இருந்த ஒரு பிள்ளை கேட்டாள்: “சேர், முதல் கதையில அஞ்சு பேர் தப்பினது சரி. ஆனா அந்த ஒருத்தரின் வீட்டுக்கு யார் போய்ச் சொல்லுறது?”

என்னிடம் பதில் இல்லை. இந்தக் கதையை இத்தனை வருடமாகச் சொல்லி வருகிறேன், ஒருநாளும் எனக்கு இந்தக் கேள்வி வந்ததில்லை. அன்றிரவு படுத்துக்கொண்டு யோசிக்கும்போது மாமாவின் நினைவு வந்தது.

2011 ஜனவரி வெள்ளம் மட்டக்களப்பில் உள்ளவர்களுக்கு மறக்காது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எங்கள் பக்கம் வேளாண்மை எல்லாம் கதிர் வந்து பால் பிடிக்கிற நேரம். அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது எங்கள் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, தண்ணீர் பார்க்கிற பொறுப்பில் இருந்த வட்டவிதானை. ஊர்க்குளம் சின்னக் குளம்தான், ஆனால் அந்தக் கிழமை வான், அதாவது மேலதிகத் தண்ணீர் வழிகிற இடம், பாய்ந்தும் தண்ணீர் இறங்கவில்லை. குளக்கட்டின் நடுவில் கசிவு கண்டுவிட்டது. நடுக்கட்டு உடைந்தால் நேரே கீழே ஊர். இரவு, கரண்ட் இல்லை, டோர்ச் வெளிச்சத்தில் பதினைந்து இருபது பேர் குளக்கட்டில் நின்று பேசி, இடது ஓரத்தில் கட்டை வெட்டிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். அங்கே வெட்டினால் தண்ணீர் ஊருக்கு வராது. பள்ளத்தில் கிடக்கும் நாலு குடும்பத்தின் காணிக்குள் போகும்.

மாமா முதலில் அந்தப் பக்கத்து வாடிகளுக்கு, வயல் காவல் குடிசைகளுக்கு, இடுப்பளவு தண்ணீரில் போய்க் கூப்பிட்டுப் பார்த்து, காவலுக்குப் படுத்திருந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, அதற்குப் பிறகுதான் மண்வெட்டியைப் போட்டார். முதல் வெட்டு அவருடையது. விடியும்போது ஊர் இருந்தது, அந்த நாலு காணியிலும் மண் ஏறி வரம்புகூடத் தெரியவில்லை.

இதை ட்ராம் கதை போல எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தத்துவக்காரரிடமும் கேட்டுப் பார்க்கலாம். ஜெரமி பெந்தம், 1789 இல் தன் பெரிய நூலை வெளியிட்டவர், விளைவைப் பார் என்பார். எந்தச் செயல் மொத்தத்தில் அதிக நன்மையும் குறைந்த துன்பமும் தருகிறதோ அதுவே சரி, அதில் பெரிய காணிக்காரரான போடியாரின் துன்பமும் கூலிக்காரரின் துன்பமும் ஒரே நிறை. இந்தச் சமத்துவம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவருடைய கணக்கில் கட்டை வெட்டியது சந்தேகமில்லாமல் சரி. ஆனால் கூட்டிக் கழித்து விடை வந்த பிறகு, கழித்த அந்த நாலு குடும்பமும் எங்கே போனது என்று விடையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளை கேட்டதும் இதைத்தான்.

இமானுவேல் காண்ட் வேறு இடத்தில் நிற்கிறார். 1785 இல் அவர் எழுதியதன் சாரம், எந்த மனிதரையும் வெறும் கருவியாக மட்டும் பயன்படுத்தாதே என்பது. பாலத்தில் நிற்கும் மனிதரை நம்மால் ஏன் தள்ள முடியவில்லை என்பதற்கு ஒரு நல்ல பதில் இதில் இருக்கிறது. அங்கே அவருடைய உடம்புதான் கருவி, அவர் இல்லாவிட்டால் திட்டமே இல்லை. தண்டவாளத்தில் நிற்பவர் அப்படியில்லை, அவர் அங்கே இல்லாவிட்டால் நமக்கு இன்னும் சந்தோஷம். எங்கள் குளக்கட்டும் அப்படித்தான். பள்ளத்தில் காணியே இல்லாமல் வெறும் பற்றைக்காடாக இருந்திருந்தால் மாமா இன்னும் விரைவாக வெட்டியிருப்பார். நோக்கிச் செய்யும் தீங்கு வேறு, வரும் என்று தெரிந்தும் தவிர்க்க முடியாத தீங்கு வேறு என்று 13 ஆம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனஸ் தற்காப்பைப் பற்றி எழுதியதிலிருந்து வளர்ந்த யோசனை இது. ஃபுட் அந்தக் கட்டுரையை எழுதியதே இந்த யோசனை தாங்குமா என்று உரசிப் பார்க்கத்தான்.

சரி, எந்தப் பக்கம் பார்த்தாலும் வெட்டியது சரி என்றே வருகிறது. அப்படியென்றால் விஷயம் முடிந்ததா? ஊரில் பெரும்பாலானவர்கள் முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். “பள்ளத்துக் காணி எண்டா தண்ணி வரும்தானே” என்று சொன்னார்கள். இந்த ஒரு வசனம் எனக்கு இன்றைக்கும் கோபம் தரும். தண்ணீர் பள்ளத்துக்குப் போகும் என்பது உண்மை. ஆனால் ஒன்று இப்படி இருக்கிறது என்பதிலிருந்து அது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரே எட்டில் போக முடியாது. டேவிட் ஹியூம் 1740 இல் இதைக் கண்டு எழுதினார், எழுதுகிறவர்கள் ‘இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே வந்து சத்தமில்லாமல் ‘வேண்டும்’ என்பதற்கு மாறிவிடுகிறார்கள் என்று. பள்ளத்துக் காணி ஏன் அந்த நாலு குடும்பத்திடம் இருக்கிறது? மேட்டுக் காணி வாங்க வழியில்லாததால்தான். ஆக ஒவ்வொரு மாரிக்கும் குறைந்தவர்களிடமிருந்தே எடுக்கிறோம், பழியைத் தண்ணீரின் மேல் போடுகிறோம்.

மாமா அப்படிப் போடவில்லை. அந்த வருடம் அவருக்கும் பெரிதாக விளைச்சல் இல்லை, ஆனாலும் சிறுபோகத்துக்கு நாலு வீட்டுக்கும் விதைநெல் கொண்டு போனார். மூன்று வீட்டில் வாங்கினார்கள். ஒரு வீட்டில் மூட்டையைப் படலைக்கு வெளியே வைத்துவிட்டார்கள். அந்த மனிதர் நாலைந்து வருடம் மாமாவோடு பேசவில்லை, மாமா ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் ஒரு மூட்டை அனுப்புவதையும் நிறுத்தவில்லை. நான் ஒருமுறை கேட்டேன், நீங்கள் செய்தது சரிதானே, பிறகேன் இப்படிக் குற்றவாளி மாதிரி நடக்கிறீர்கள் என்று. “சரியாத்தான் செஞ்சன் மனே. நாளைக்கும் அதைத்தான் செய்வன். ஆனா அவன்ட நெல்லு போனதும் என்ட கையாலதான். நான் போகாட்டி வேற யாரு போற?” என்றார்.

இந்த விஷயத்தை அப்படியே பேசுகிற ஒரு தத்துவக்காரரைப் பிறகுதான் வாசித்தேன். பெர்னார்ட் வில்லியம்ஸ். 1976 இல் ஒரு லொறி ஓட்டுநரைப் பற்றிச் சொன்னார். தன் பிழை எதுவும் இல்லாமல் ஒரு பிள்ளையை மோதிவிடுகிறார். பக்கத்தில் நின்று பார்த்தவரும் வருந்துவார், ஆனால் ஓட்டுநரின் வருத்தம் வேறு மாதிரி, வேறு மாதிரி இருக்கத்தான் வேண்டும், உன் பிழை இல்லை என்று நாம் தேற்றியதும் அவர் உடனே நிம்மதியாகிவிட்டால் நமக்கே அவர்மேல் ஒரு சந்தேகம் வரும். குற்ற உணர்வுக்கும் வெறும் இரக்கத்துக்கும் நடுவில் இப்படி ஒன்று இருக்கிறது. அதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் ‘செய்தவரின் வருத்தம்’ என்று சொல்லலாம்.

மாமா வில்லியம்ஸை வாசித்தவர் இல்லை. ஆனால் வைகாசிச் சடங்குக்குக் கண்ணகை அம்மன் கோயிலில் கண்ணகி கதையைச் சொல்லும் வழக்குரை படிக்கிறதைச் சின்ன வயதிலிருந்து இரவிரவாக இருந்து கேட்டவர். எங்கள் கரையில் நீதி நியாயம் பற்றிய பேச்சு அங்கேதான் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னவன், பிழை அவனுடையதுதான். ஆனால் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் தட்டானைக் கைகாட்டவில்லை, “யானோ அரசன் யானே கள்வன்” என்றான். மாமாவின் நிலை பாண்டியனுடையது இல்லை, அவர் பிழை செய்யவில்லை. இருந்தாலும் நடந்தது தன் கையால் நடந்தது என்று நின்ற விதம் இரண்டிலும் ஒன்றுதான்.

இதையெல்லாம் அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளிடம் சொன்னேன். அப்போது இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டியிருந்தது, மாமாவே எனக்குச் சொன்னது. அன்றிரவு கட்டில் நின்றவர்களில் பள்ளத்துக் காணிக்காரர் ஒருவர்தான் இருந்தார். மற்ற மூன்று பேருக்கும் ஆள் அனுப்ப நேரம் இருந்தது. வாடிக்குப் போய் உயிரைப் பார்த்தவர், வீட்டுக்குப் போய் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க நினைக்கவில்லை. வெட்டியதற்கு மாமா வருந்துவது ஒரு மாதிரி, கேட்காமல் வெட்டியதற்கு வருந்துவது வேறு மாதிரி. இரண்டாவதைப் பிழை என்றே சொல்கிறார். காண்ட் சொன்னது இங்கேதான் உறைக்கிறது என்று எனக்குப் படுகிறது. முடிவு அதேதான் வந்திருக்கும், ஆனால் அவர்களும் கட்டில் நின்று சம்மதித்திருந்தால் அது அவர்கள்மேல் நடந்த விஷயமாக இருந்திருக்காது, அவர்களும் சேர்ந்து ஊருக்காகச் செய்ததாக இருந்திருக்கும். மூட்டை படலைக்கு வெளியே வந்ததற்குக் காரணம் நெல் இல்லை என்று மாமா சொல்கிறார்.

மாமா ஒருவரே மூட்டை சுமப்பதுவும் எனக்கு நியாயமாகப் படவில்லை. தப்பியது முழு ஊரும். ஜோன் ரோல்ஸ் என்ற தத்துவக்காரர் 1971 இல் சொன்ன ஒரு வழியைப் பிள்ளைகளோடு செய்து பார்த்தோம். உங்கள் காணி மேட்டிலா பள்ளத்திலா என்று உங்களுக்கே தெரியாது, ஒரு திரைக்குப் பின்னால் இருக்கிறீர்கள், இப்போது குளத்துக்கு ஒரு சட்டம் எழுதுங்கள். கட்டு ஆபத்தில் இருந்தால் இடது ஓரத்தில் வெட்டலாம் என்று எல்லாரும் எழுதினார்கள். அதோடு நிற்கவில்லை, வெட்டினால் தப்பிய காணிக்காரர் எல்லாரும் ஏக்கர்க் கணக்குக்கு நெல் போட்டு அழிந்த காணிக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் ஒருவர்கூட விடாமல் எழுதினார்கள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இதே யோசனை ஊர்க் கூட்டத்தில் இரண்டு முறை வந்து இரண்டு முறையும் மேட்டுக் காணிக்காரரால் நின்றுபோனது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, எனக்குத் தெரிந்த நல்ல மனிதர்கள், தங்கள் காணி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

புரட்டாசியில் விதைப்புக்கு முந்தின கூட்டம் இருக்கிறது. பிள்ளைகள் எழுதியதை ஒரு தாளில் சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன். மாமாவுக்கு இப்போது முழங்கால் சரியில்லை, ஆனாலும் வருகிறேன் என்கிறார். கேள்வி கேட்ட பிள்ளைதான் எழும்பி வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்கு முதல் அந்த நாலு வீட்டுக்கும் போய் அவர்களிடம் கேட்க வேண்டும் என்றும் சொன்னாள், நாளைக்குப் பின்னேரம் போகிறோம்.