குப்பையில் தேடிய பேக்கிங்

நான் வாங்கிய பழைய மர இழைப்பு மெஷினுக்கு நான்கு நிறம். மேலே சாம்பல், சுரண்டினால் பச்சை, இன்னும் சுரண்டினால் நீலம், எல்லாவற்றுக்கும் அடியில் துரு. ஒவ்வொரு சொந்தக்காரரும் அடுத்தவர் தலையில் கட்டுவதற்கு முன் ஒரு கோட்டிங் அடித்திருக்கிறார்கள். விற்றவர் "துடைச்சா போதும் சார், ஓடும்" என்றார். ஓடும்தான். மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்ததும் கத்திகள் மாட்டும் உருளையான கட்டர் பிளாக் எதிர்த்திசையில் கம்பீரமாகச் சுற்றியது. மூன்று ஃபேஸ் மோட்டார் என்பதால் ஏதாவது இரண்டு ஒயரை இடம் மாற்றினால் திசை மாறிவிடும். கத்திகளைக் கழற்றிவைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம் என்பதுதான் அன்றைக்கு நடந்த ஒரே புத்திசாலித்தனம். அதுவும் பெரியப்பாவுடையது.

பெரியப்பா ஓய்வு பெற்ற ஃபிட்டர். வேலையிலிருந்துதான் ஓய்வு, குறை சொல்வதிலிருந்து அல்ல. பேரிங் கரகரவென்று அரைத்த சத்தத்தை வாசலிலேயே கேட்டு, செருப்பைக் கழற்றும் முன்பே "6205 ஆத்தான் இருக்கும், மாத்து" என்றார். பிரித்துப் பார்த்தால் பேரிங் எண் 6205. கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் தண்டின் விட்டம், 25 மில்லிமீட்டர். அதை அவர் எனக்கு விளக்கி, என் மனைவிக்கு விளக்கி, மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவருக்கும் விளக்கினார். மரத்தூள் பறக்கும் இடம் என்பதால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ள ரகமாக வாங்கச் சொன்னார். அந்த மனிதர் அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், பாவம்.

துருவுக்கு என் வைத்தியம் மின்பகுப்பு. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவை சோடா, பழைய பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகத்துக்கு நெகட்டிவ், பலியாகப் போகும் இரும்புத் துண்டுக்கு பாசிட்டிவ். அந்தத் துண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மட்டும் இருக்கக்கூடாது, அதிலிருந்து விஷமான குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் குமிழி வேறு வரும் என்பதால் மூடிய அறைக்குள் வைக்க முடியாது. கொல்லையில் வைத்தேன். துணி ஊறவைக்கும் தொட்டியில் ரசம் போல ஏதோ நுரைத்துக்கொண்டிருப்பதை மனைவி பார்த்தாள். அந்தத் தொட்டி இப்போது முழுக்க என்னுடையது. எனக்குப் பிடித்த பங்கீடு.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் காய்ந்த நிலையில் தேய்க்காமல், நனைத்து, முகமூடி போட்டுச் சுரண்டினோம். இந்தச் சுரண்டல் வேலைக்காகவே வரவழைக்கப்பட்டவன் மைத்துனன். எதையும் பளபளவென்று வைத்திருப்பவன். கதையின் வில்லன் இங்கேதான் நுழைகிறான்.

எனக்குப் பிடித்த கட்டம் சரிக்கட்டுவது. இந்த மெஷினில் இரண்டு மேசை, நடுவில் கத்திகள். பலகையை முன்மேசையிலிருந்து கத்திக்கு மேலாகப் பின்மேசைக்குத் தள்ள வேண்டும். பின்மேசையின் உயரம் கத்தி முனை சுற்றும் வட்டத்தின் உச்சியோடு ஒன்றாக இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் பலகையின் கடைசி முனை முன்மேசையை விட்டு விலகும்போது கீழே அமுங்கி அங்கே மட்டும் பள்ளம் விழும். உயர்ந்திருந்தால் பலகை மேசை விளிம்பில் முட்டி நின்றுவிடும். நான் டயல் கேஜை எடுத்தேன். பெரியப்பா ஒரு நேரான மரச்சட்டத்தை எடுத்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சட்டத்தைப் பின்மேசையில் கத்திக்கு மேலே நீட்டிவைத்து, கட்டரைக் கையால் மெல்லத் திருப்பினார். கத்தி சட்டத்தைத் தொட்டு ஒரு மூன்று மில்லிமீட்டர் இழுத்துக்கொண்டு போய் விட்டது. "எல்லாக் கத்தியும், ரெண்டு ஓரத்திலயும் இதே தூரம் இழுத்தா சரி. உன் கடிகாரத்தை உள்ள வை."

கடிகாரம் இல்லை பெரியப்பா, டயல் கேஜ், நூறில் ஒரு மில்லிமீட்டர் காட்டும் என்றேன். "மரம் ஒரு மழைக்கு அதைவிட வீங்கும்டா" என்றார். என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் அவர் போன பிறகு டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒத்துப்போனது. அவரிடம் இதைச் சொல்லவில்லை.

கத்தி சரி. ஆனால் இரண்டு மேசைமேலும் ஸ்ட்ரெய்ட் எட்ஜை, அதாவது துல்லியமான நேர்சட்டத்தை, வைத்தால் பின்மேசையின் ஒரு மூலை மட்டும் தாழ்வு. இடைவெளிக்குள் நுழைத்து அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் சுமார் 0.1 மில்லிமீட்டர் என்றது. பெரியப்பா குனிந்து மேசை சரியும் டவ்டெயில் பள்ளத்தைப் பார்த்தார். நிமிர்ந்தார். "இங்க ஒரு பேக்கிங் இருந்திருக்கணுமே?" உயரக் குறையைச் சரிக்கட்டச் செருகும் மெல்லிய தகட்டைத்தான் சொன்னார்.

மைத்துனன் தலையைச் சொறிந்தான். "அதுல ஒரு குளிர்பான டின் துண்டு செருகியிருந்துச்சு மாமா. எவனோ குப்பையைப் போட்டிருக்கான்னு எடுத்து வீசிட்டேன்."

முன்னால் வைத்திருந்த யாரோ ஒரு மகானுபாவர், அந்த மூலையின் குறையைக் கண்டுபிடித்து, அலுமினிய டின்னை வெட்டிச் செருகியிருக்கிறார். அந்த டின்னின் சுவர் கனம் ஏறக்குறைய அதே 0.1. மூன்று நிறத்தில் பெயிண்ட் அடித்தவர்கள்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு மனிதருக்காக மறைந்தது.

புது டின்னை வெட்டி வைக்கலாம் என்று நான் சொன்னேன். பெரியப்பா கேட்கவில்லை. "அவன் அளந்து, கத்தரிச்சு, விளிம்பைத் தேய்ச்சு வச்சிருப்பான். தேடு." மூன்று பேரும் மரத்தூளும் சுரண்டிய பெயிண்டும் கலந்த மூட்டையைப் பிரித்துக் கொட்டினோம். முகமூடியோடு மூன்று ஆண்கள் குப்பைக்குள் குந்தியிருப்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே பார்த்து, "நகை ஏதாவது தொலைஞ்சுதா?" என்றார். இல்லைங்க, டின் துண்டு என்றேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கிடைத்தது. பெரியப்பா சொன்னது போலவே விளிம்பு தேய்த்திருந்தது. செருகி, மேசை ஆடாமல் பிடிக்கும் கிப் திருகுகளை இறுக்கினோம். ஸ்ட்ரெய்ட் எட்ஜுக்கு அடியில் ஒளிகூட நுழையவில்லை. மைத்துனன் அதன்மேல் "தொடாதே" என்று மார்க்கரில் எழுத முயன்றான். இடம் போதவில்லை.

பலகையைச் சாய்த்துத் தள்ளும் பக்கவாட்டுக் கைடை மேசைக்கு 90 டிகிரிக்குக் கொண்டுவர மூலைமட்டம் தேவைப்படவில்லை. இரண்டு பலகையின் நல்ல முகத்தைக் கைடில் சாய்த்து விளிம்பை இழைத்து, நல்ல முகங்கள் ஒரே பக்கம் வரும்படி ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினால், இருக்கிற கோணல் இரட்டிப்பாகக் கண்ணுக்குத் தெரியும். திருத்தி, மறுபடி இழைத்தோம்.

முதல் வேலையாகச் சமையலறைக்கு ஒரு அலமாரிப் பலகை. அச்சுப் பிசகாத நேர். மாட்டிப் பார்த்தால் சுவரோரம் விரல் நுழையும் இடைவெளி.

"பழைய பலகை ஒழுங்கா ஒட்டிக்கிட்டு நின்னுச்சே" என்றாள் மனைவி.

பழைய பலகை சுவரைப் போலவே வளைந்தது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, பெரியப்பா சுவரில் ஸ்ட்ரெய்ட் எட்ஜை வைத்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.