ஆளுக்கு ஒரு வெள்ளி: சுங்கை சிப்புட் பயணம்

உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் நடத்திய மாநாடுகளில் நான்கு கோலாலம்பூரில் நடந்திருக்கின்றன. 1966, 1987, 2015, 2023. முதல் மாநாடே இங்கேதான். சென்னைக்கும் முன்னால், யாழ்ப்பாணத்துக்கும் மதுரைக்கும் முன்னால். அது எப்படி இங்கே வந்தது என்று கேட்டால் எல்லாரும் தனிநாயகம் அடிகளாரைச் சொல்வார்கள். சரிதான். ஆனால் அவர் வந்து உட்கார ஒரு நாற்காலி வேண்டுமே, அந்த நாற்காலியை யார் போட்டார்கள் என்பதுதான் என் கேள்வி. அதைக் கேட்டுக்கொண்டுதான் பேராக் மாநிலத்தில் ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்திருந்த ஊரான சுங்கை சிப்புட்டுக்கு ரயில் ஏறினேன்.

கொஞ்சம் பழைய கதை சொல்லிவிடுகிறேன். மன்றம் பிறந்தது 1964 ஜனவரியில், புதுடில்லியில். கீழைத்தேயவியல் அறிஞர்களின் 26ஆவது உலக மாநாடு அங்கே நடந்துகொண்டிருந்தது. அதற்கு வந்திருந்தவர்களில் தமிழில் அக்கறை உள்ளவர்களை ஒன்று கூட்டி, தனிநாயகம் அடிகளாரும் வ.அய். சுப்பிரமணியமும் மன்றத்தைத் தொடங்கி வைத்தார்கள். பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா முதல் தலைவர். அடிகளார் அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவர், 1961இல் வந்து பொறுப்பேற்றவர், யாழ்ப்பாணத்தில் பிறந்த கத்தோலிக்கத் துறவி. இரண்டே வருடத்தில், 1966 ஏப்ரலில், பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்து வைக்க முதல் மாநாடு நடந்தே விட்டது.

நாற்காலிக்கு வருகிறேன். மலாயாப் பல்கலைக்கழகம் முதலில் சிங்கப்பூரில் இருந்தது. 1950களில் அங்கே இந்திய ஆய்வியல் துறை வரப்போகிறது என்றதும், எந்த மொழிக்கு முதலிடம், சமஸ்கிருதமா தமிழா என்று பெரிய வாக்குவாதம். தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக எழுதினார், பேசினார், ஊர் ஊராகப் போனார், ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று ஒரு நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு மலாயா டாலர். நாலு செல்வந்தர் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் அவர் ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளியிடமும் அந்த ஒரு வெள்ளியைக் கேட்டார், கேட்டவர்களும் கொடுத்தார்கள். 1956இல் துறை தொடங்கியது, தமிழே அதில் முதன்மை மொழியானது. பிறகு துறை கோலாலம்பூருக்கு மாறியது. பத்து வருடம் கழித்து உலக அறிஞர்கள் கோலாலம்பூருக்கு வந்து இறங்கியபோது அவர்களை வரவேற்க அப்படி ஒரு துறை தயாராக இருந்தது. இந்த வரிசையை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, துண்டு துண்டாகப் படித்துச் சேர்த்துக்கொண்டேன்.

கேஎல் சென்ட்ரலில் காலை இடிஎஸ் ரயில். ஈப்போவை நெருங்கும்போதே இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் குன்றுகள் வந்துவிடும், அங்கிருந்து கொஞ்ச நேரம்தான். சுங்கை சிப்புட் நிலையத்தில் இறங்கியவர்கள் சொற்பம். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் காரோடு வெளியே நின்றிருந்தார். முதல் வேலையாக ஒரு ஒட்டுக்கடையில் தோசையும் தே ஓவும் (பால் சேர்க்காத தேநீர்). ஊர் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு நடையில் கடைவீதியைப் பார்த்துவிடலாம்.

மகாத்மா காந்தி கலாசாலையின் வாசலில் காரை நிறுத்தச் சொன்னேன். மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் முயற்சியில் எழுந்த தமிழ்ப்பள்ளி இது. 1954இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார். நேருவின் தங்கை, ஐக்கிய நாடுகள் பொதுச்சபைக்குத் தலைவராக இருந்த முதல் பெண். அப்படிப்பட்டவர் பேராக்கில் ஒரு தோட்டப்புறப் பட்டணத்துக்கு வந்து தமிழ்ப்பள்ளியைத் திறந்திருக்கிறார் என்றால், அந்தக் காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் கல்வியை எந்த உயரத்தில் வைத்துப் பார்த்திருப்பார்கள்! அதுவும் எப்படிப்பட்ட காலம்? 1948 ஜூன் 16ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்கார துரைமார்கள் சுடப்பட்டு, அதை ஒட்டித்தான் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான மலாயா அவசரகாலமே பிறந்தது. முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்கு அளவு, இதற்கு நடுவில்தான் பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வெள்ளியும்.

எல்பில் பக்கம் போகும் சாலையில் இன்று கண்ணுக்கு எட்டியவரை செம்பனை. பால் மரம் இன்னும் அங்கங்கே நிற்கிறது. சார் என்னை அழைத்துப் போனது அவருடைய பெரியம்மா மகள் வீட்டுக்கு, அவருக்கே அக்கா என்றால் எனக்குப் பாட்டி. எண்பதைத் தாண்டியவர், நாற்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். நான் வந்த விஷயத்தைச் சார் எடுத்துச் சொன்னதும் அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

“அது ஞாபகம் இருக்கு தம்பி. பெரட்டு முடிஞ்சு ஆள் கலையறதுக்குள்ள கிராணி மேசை போட்டு உக்காந்துட்டாரு. எங்கப்பா ஒரு வெள்ளி, அம்மா ஒரு வெள்ளி. அம்மாவுக்குக் கையெழுத்து வராது, பெருவிரல்தான். எதுக்கும்மான்னு கேட்டேன். பெரிய பள்ளிக்கூடத்துல தமிழ் படிக்கப் போறாங்களாம்னாங்க.”

“நீங்க அப்போ படிச்சிட்டு இருந்தீங்களா பாட்டி?”

“மூணாவதோட நின்னாச்சு. மங்கு தொடைக்கப் போயிட்டேன்.”

பெரட்டு என்றால் விடியலில் ஆள் கூட்டிக் கணக்கெடுப்பது, கிராணி தோட்டத்துக் கணக்கர், மங்கு பால் வடியும் கிண்ணம். பாட்டி உள்ளே போய்ப் பழைய பால்வெட்டு உளியை எடுத்து வந்து காட்டினார். கைப்பிடி, அவர் விரல் பட்ட இடத்தில் மட்டும் இளைத்துப் போயிருந்தது. வீட்டுக்குப் பின்னால் நின்ற ஒரு பால் மரத்தில், மேலே இடப்பக்கத்திலிருந்து கீழே வலப்பக்கமாகச் சரிவாக எப்படிச் சீவ வேண்டும் என்று வெட்டாமலே காற்றில் இழுத்துக் காட்டினார். பட்டையை மெல்லிசாகத்தான் எடுக்க வேண்டும், கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம், அப்புறம் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி அங்கே கத்தி வைக்க முடியாது, மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் ஏச்சும் வாங்க வேண்டும். விடியும் முன்னே தொடங்கி நிரை நிரையாக நூற்றுக்கணக்கான மரங்கள். மழை வந்தால் அன்றைக்குப் பால் இல்லை, கூலியும் குறைந்துவிடும். இந்தக் கூலியிலிருந்து, அதுவும் ஒரு குடும்பத்தில் இரண்டு பேர், பிள்ளை மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட வீட்டிலிருந்து! எனக்குப் பேச்சு வரவில்லை. நன்கொடைப் பட்டியலில் இதைவிடப் பெரிய தொகைகள் இருக்கலாம், பெரிய கொடை இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

மாலையில் சார் வீட்டில் அவருடைய அலமாரியைப் பார்த்தேன். முதல் மாநாட்டின் ஆய்வுக் கட்டுரைகள் அறுபதுகளின் கடைசியில் இரண்டு தொகுதிகளாக வந்தன அல்லவா, இரண்டும் இருந்தன. ஈப்போவில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்ததாம். அட்டை பிய்ந்து, அவரே துணி ஒட்டிக் கட்டியிருக்கிறார். பெரும்பாலான கட்டுரைகள் ஆங்கிலத்தில். அவருடைய ஆங்கிலம் அன்றைக்கு அந்த அளவுக்கு இல்லை, அதனால் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பென்சிலால் பொடிப்பொடியாகத் தமிழில் பொருள் எழுதி வைத்திருக்கிறார். சில பக்கங்களில் அச்சிட்ட எழுத்தைவிட அவர் எழுத்து அதிகம். இரவு பாட நோட்டுத் திருத்தி முடித்த பிறகு, தினம் அரைப் பக்கமோ ஒரு பக்கமோ. யாரும் கேட்டதில்லை, எந்தத் தேர்வுக்கும் இல்லை.

ஆங்கிலத்தில் நடத்தியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். தமிழ் என்ற ஒரு மொழி இருப்பதே தெரியாத பல்கலைக்கழகங்களில் அதை ஆராய்ச்சிப் பொருளாக நிறுத்த வேண்டும் என்றால் அந்தப் பல்கலைக்கழகங்களுக்குப் புரியும் மொழியில்தான் பேசியாக வேண்டும், அதை அடிகளார் சரியாகக் கணித்தார், அந்தக் கணிப்பு இல்லாமல் 1970இல் பாரிசில் மூன்றாவது மாநாடு நடந்திருக்காது. ஆனால் அறுபது வருடம் ஆகப் போகிறது. அந்தப் பயிர் எந்த நிலத்தில் விளைந்ததோ அந்த நிலத்துக்கு அதில் ஒரு படி வந்து சேர வேண்டாமா? மாநாட்டு மலர்களும் கட்டுரைத் தொகுதிகளும் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் நூலகத்தில் இருக்க வேண்டும், எளிய தமிழில் சுருக்கியாவது இருக்க வேண்டும். இதை நான் ஆசையாகச் சொல்லவில்லை, பாக்கி என்றே சொல்கிறேன்.

முடியாத காரியமும் இல்லை. துண்டுதுண்டாக விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளிகளே வாங்க வேண்டும் என்று சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தோட்டம் தோட்டமாகப் போய் மாதாமாதம் சேமிக்கச் சொல்லிக் கேட்டார். அதே சங்கத்தின் டான்ஸ்ரீ கே.ஆர். சோமா மொழி இலக்கிய அறவாரியம் இன்று உலகத் தமிழ் எழுத்தாளர்களுக்கு நூல் பரிசு கொடுக்கிறது. பால்வெட்டுக் கூலியில் சேர்ந்த சங்கம் இலக்கியத்துக்குப் பரிசு கொடுக்கும் என்றால், இலக்கியத்தை ஆராய்கிற மன்றம் அந்தத் தோட்டங்களைத் தேடிப் போவதற்கு என்ன தடை?

சாரின் யோசனை இன்னும் சுலபம். அடுத்த முறை கோலாலம்பூரில் மாநாடு வந்தால், வருகிறவர்களில் ஒரு பஸ் அளவு ஆளை ஒரு நாள் இங்கே கூட்டிவர வேண்டும், பாட்டிகள் பேசட்டும், பேராசிரியர்கள் எழுதிக்கொள்ளட்டும் என்கிறார். ஒப்பாரி, தாலாட்டு, நடவுப் பாட்டு மறந்து போய் மரக்காட்டில் புதிதாகக் கட்டிய பாட்டுகள், கங்காணியை ஏசும் பாட்டுகள், இவையெல்லாம் இவர்களிடம் இன்னும் இருக்கின்றன. எண்பது வயதுக்காரர்களிடம் இருக்கின்றன என்பதால் அவசரமும் இருக்கிறது.

பஸ் வரும்வரை காத்திருக்க நாங்கள் தயாராக இல்லை. வருகிற பள்ளி விடுமுறையில் சாரும் நானும் கைப்பேசியோடு பாட்டி வீட்டிலிருந்தே தொடங்குகிறோம். பாடுகிறவர் சம்மதித்தால் பெயரோடு, இல்லையென்றால் தோட்டத்தின் பெயரை மட்டும் குறித்து, எழுத்திலும் ஒலியிலும் சேர்த்துப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குக் கொடுப்பதாகத் திட்டம். ஈப்போ, கோலகங்சார் பக்கம் இருக்கிற இளைஞர்கள் யாராவது கூட வந்தால் நல்லது, முதியவர்களிடம் பொறுமையாக உட்கார்ந்து கேட்கத் தெரிந்தால் போதும். பாட்டி காலையில்தான் தெளிவாகப் பேசுகிறார், அதனால் முதல் நாள் இரவே ஊருக்கு வந்துவிடுங்கள், தங்க இடம் சார் வீட்டில் இருக்கிறது.