நோட்டிஃபிகேஷனைக் கெடுத்த பழைய கான்ஃபிக் ஃபைல்கள்: ஒரு ஜெராக்ஸ் கடை அனுபவம்

மன்னார்குடியில் எங்கள் கடையில் ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் பார்க்கிறோம். இரண்டு கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம், அதன் மேல் எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்து குறுவை வேலை சூடுபிடித்துவிட்டால், சொசைட்டியில் பயிர்க்கடன் வாங்கச் சிட்டா, ஆதார், பாஸ்புக் நகல் கேட்டு வருகிறவர்கள் அதிகம். பாதிப் பேர் வாசலில் நின்றபடியே வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பிவிட்டு, "தம்பி, அனுப்பிட்டேன், வந்துடுச்சா?" என்பார்கள். ஃபயர்பாக்ஸில் வாட்ஸ்அப் வெப் திறந்தே கிடக்கும். திரை ஓரத்தில் நோட்டிஃபிகேஷன் எட்டிப் பார்த்தால்தான் வேறு விண்ணப்பம் அடித்துக்கொண்டிருக்கும் எனக்குத் தெரியும்.

மின்ட்டைப் புதிய பதிப்புக்கு ஏற்றியதும் இது கெட்டது. இடது பக்கம் கீழே அகலமாக வந்துகொண்டிருந்த பெட்டி, வலது பக்கம் மேல் மூலைக்கு ஏறிச் சிறுத்துப்போய், மூடும் பட்டனை மறைத்துக்கொண்டு நின்றது. செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் இடத்தை மாற்றினேன், பெட்டியின் தோற்றத்தை (தீம்) மாற்றினேன். எதற்கும் அசையவில்லை.

இந்த இடத்தில் பலரும் சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்வார்கள். வீண் வேலை. பேக்கேஜை நீக்கினாலும், பர்ஜ் செய்து சிஸ்டம் அளவிலான செட்டிங்ஸோடு துடைத்தாலும்கூட, ஹோம் டைரக்டரிக்குள் (உங்கள் யூசருக்கான சொந்த ஃபோல்டர்) இருக்கும் உங்கள் கான்ஃபிக் ஃபைல்கள், அதாவது செட்டிங்ஸைச் சேமித்து வைக்கும் ஃபைல்கள், அப்படியே இருக்கும். அதற்குப் பதில் புதிதாக ஒரு யூசர் உருவாக்கி உள்ளே போய்ப் பாருங்கள். நான் பார்த்தேன், அங்கே நோட்டிஃபிகேஷன் ஒழுங்காக வந்தது, செட்டிங்ஸில் சொன்ன மூலைக்கே போனது. அப்படியானால் சிஸ்டம் நன்றாகத்தான் இருக்கிறது, வினை என் ஹோமுக்குள் என்று ஆகிவிட்டது.

அடுத்து, நோட்டிஃபிகேஷனைக் காட்டுகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். லினக்ஸில் பெரும்பாலும் ஒரு புரோகிராம் தானாகப் பெட்டியை வரைவதில்லை. புரோகிராம்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் டி-பஸ் வழியாக ஒரு டீமனிடம் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) செய்தியைக் கொடுக்கும், அது வரையும். அந்த வேலைக்கான டி-பஸ் பெயரை ஒரு நேரத்தில் ஒரே டீமன்தான் வைத்திருக்க முடியும். டெர்மினலில் 'நோட்டிஃபை-செண்ட்' கட்டளையை ஓட்டினால் செய்தி போகிறதா என்று தெரியும். யார் வாங்குகிறார்கள் என்று தெரிய 'ஜிடிபஸ்' கட்டளை மூலம் 'கெட்-சர்வர்-இன்ஃபர்மேஷன்' என்று கேட்க வேண்டும். பதிலில் எக்ஸ்எஃப்சிஇ-யின் டீமன் பெயர் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது 'டன்ஸ்ட்' என்ற வேறொரு டீமனின் பெயர்.

முன்பு கடையில் இருந்த தம்பி, மெமரி குறைவான அந்தக் கம்ப்யூட்டரில் லேசான டெஸ்க்டாப் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். டெஸ்க்டாப் போய்விட்டது, கான்ஃபிக் டைரக்டரியில் 'ஆட்டோஸ்டார்ட்' ஃபோல்டருக்குள் டன்ஸ்டைக் கிளப்பும் ஃபைல் மட்டும் தங்கிவிட்டது. லாகின் செய்ததும் டன்ஸ்ட் முந்திக்கொண்டு எழுந்து அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்ளும். இத்தனை நாளும் அதுதான் வேலை பார்த்திருக்கிறது, எக்ஸ்எஃப்சிஇ செட்டிங்ஸ் சொல்வதை அது எப்படிக் கேட்கும்? பெட்டியின் இடமும் அளவும் மாறியதற்குக் காரணம் தனி. பழைய டன்ஸ்ட் கான்ஃபிக்கில் 'ஜியாமெட்ரி' என்ற ஒரே வரியில் எல்லாம் எழுதியிருந்தது. டன்ஸ்ட் 1.7 பதிப்பில் அந்த வரியைக் கைவிட்டு, அகலம், உயரம், மூலை, தள்ளி நிற்கும் தூரம் என்று தனித்தனியாக்கிவிட்டார்கள்.

கான்ஃபிக்கைத் திருத்தி டன்ஸ்டையே வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் கடையில் யார் வேண்டுமானாலும் செட்டிங்ஸில் போய் மாற்றிக்கொள்ள வசதி வேண்டும். ஆட்டோஸ்டார்ட் ஃபைலுக்குப் பெயர் மாற்றி வேறு இடத்தில் போட்டேன், டன்ஸ்ட் பேக்கேஜையும் எடுத்தேன். விட்டுவைத்தால், ஏதாவது புரோகிராம் செய்தி கொடுத்தவுடன் டி-பஸ் அதையே மறுபடி எழுப்பக்கூடும். லாக்-அவுட் செய்து வந்ததும் சோதனைச் செய்தி சரியான மூலையில், சரியான அளவில் வந்தது.

சரி, முடிந்தது என்று பார்த்தால் வாட்ஸ்அப் சுத்தமாக ஊமை. முன்பு தப்பான இடத்திலாவது வந்துகொண்டிருந்தது.

இது அதற்கும் அடியில் கிடந்த பழசு. எக்ஸ்எஃப்சிஇ டீமன் தன் செட்டிங்ஸை 'எக்ஸ்எஃப்கான்ஃப்' என்ற செட்டிங்ஸ் சேமிப்பின் கீழ் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலில் வைத்திருக்கிறது. திறந்து பார்த்தால், நோட்டிஃபிகேஷன் காட்டாமல் அடக்கிவைத்த அப்ளிகேஷன் பட்டியலில் ஃபயர்பாக்ஸ் உட்கார்ந்திருந்தது. எப்போதோ செய்தித் தளங்களின் தொல்லை தாங்காமல் யாரோ அடக்கியிருக்க வேண்டும். டன்ஸ்ட் இருந்தவரை அந்தப் பட்டியலை யாரும் படிக்கவில்லை.

அந்த ஃபைலை எடிட்டரில் திறந்து நேரடியாகத் திருத்தாதீர்கள். லாகினில் இருக்கும்போது அந்தச் சேமிப்பைக் கவனிக்கும் 'எக்ஸ்எஃப்கான்ஃப்-டி' டீமன் எல்லாவற்றையும் மெமரியில் வைத்திருக்கும். நீங்கள் திருத்தியதன் மேலேயே பழையதை எழுதிவிடும். ஒரு பெயரை மட்டும் எடுக்க செட்டிங்ஸில் அப்ளிகேஷன்ஸ் டேபே போதும். எனக்கு மிச்சம் மீதி எதுவும் வேண்டாம் என்று தோன்றியது. லாக்-அவுட் செய்து, கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்திக் கறுப்புத் திரையில் உள்ளே போய், ஃபைலின் பெயருக்குப் பின்னால் 'பழசு' என்று சேர்த்துவிட்டேன். திரும்ப லாகின் செய்ததும் டீமன் வெறும் கையோடு எழுந்து, எல்லாவற்றையும் இயல்பு நிலையில் தொடங்கியது.

அடுத்து வந்த பெரியவர் அனுப்பிய பாஸ்புக் படம், அவர் வாயைத் திறக்கும் முன்பே மூலையில் வந்துவிட்டது. படம் தலைகீழாக இருந்தது வேறு விஷயம். இன்னொரு கம்ப்யூட்டரின் ஹோமும் இதிலிருந்து காப்பி எடுத்ததுதான் என்பதால், மதியம் கூட்டம் குறைந்ததும் அங்கேயும் அதே இரண்டு ஃபைல்களைத் தேடினேன். இரண்டும் இருந்தன.